பருப்பும் பப்பும்: குப்பத்தில் நூறு சொற்களை ஒப்பிட்ட கதை

அக்கா மகளுக்குக் கல்லூரியில் கொடுத்த வேலை இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நூறு சொற்களை எடுத்து ஒப்பிட்டு, எது எதற்கு நெருக்கம் என்று எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எப்படி ஒப்பிடுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. குப்பத்தில் இருக்கிறவர்கள் இதற்காக எங்கேயும் அலைய வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடி மூலை, ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் கோலார். எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பங்காருபேட்டைப் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்களிடம் கன்னடம். என் அம்மாவிடம் தமிழ்ச் சொற்களைக் கேட்டாள், பக்கத்து வீட்டு அத்தையிடம் தெலுங்கு, கடைக்கு வரும் ஒரு கன்னடக்காரரிடம் கன்னடம். இரண்டு நாளில் நோட்டு நிறைந்துவிட்டது.

"மாமா, தமிழும் தெலுங்கும்தான் ரொம்ப நெருக்கம். பாதிக்கு மேல ஒரே மாதிரி இருக்கு பாருங்க" என்று நோட்டை நீட்டினாள்.

முதல் பக்கத்திலேயே எனக்கு உறுத்தியது. சொற்கள் எல்லாம் உண்மையானவை, அவள் கேட்டபடியே எழுதியிருந்தாள். ஆனால் ஒரே மாதிரி இருக்கிறது என்பதையும் ஒரே குடும்பம் என்பதையும் அவள் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டும் வேறு வேறு என்பது எல்லைப்புறத்தில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெரியாது. பழகிய மொழி ஒன்று, உறவு மொழி ஒன்று. பழக்கத்தால் வந்த ஒற்றுமையைக் கழித்துவிட்டு உறவால் வந்ததை மட்டும் எண்ண வேண்டும், அதுதான் வேலையே.

அந்தப் பட்டியலில் என்ன நடந்திருந்தது என்று சொல்கிறேன். அப்பாவுக்கு அம்மா சொன்ன சொல் நைனா. பணத்துக்கு டப்பு, சட்டைக்குச் சொக்கா. மூன்றும் தெலுங்கிலிருந்து வந்தவை, வட தமிழ்நாட்டிலும் வெகுதூரம் பரவியவை. பக்கத்து வீட்டு அத்தையும் அதே மூன்றைத்தானே சொல்லுவார், மூன்று டிக் விழுந்துவிட்டது. அதாவது தெலுங்கைத் தெலுங்கோடு ஒப்பிட்டு, ஆகா, ஒத்துப்போகிறது என்று குறித்துவைத்திருக்கிறோம். அப்புறம் சூரியன், ரத்தம். இவை மூன்று மொழியிலும் சமஸ்கிருதத்திலிருந்து வந்து உட்கார்ந்தவை. மூன்று வீட்டில் ஒரே கடையில் வாங்கிய குடம் இருந்தால் மூன்று வீடும் பங்காளிகள் ஆகிவிடுமா? அம்மா, அக்கா, மாமா, அத்தை என்ற உறவுச் சொற்களையும் எடுத்துவிட்டேன். குழந்தை வாயில் முதலில் வருகிற ம, ப, த ஒலிகளால் ஆன சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் ஒரே மாதிரிதான் இருக்கும். மாமா, அத்தை போன்றவை கல்யாணத்தோடு கல்யாணமாக மொழி விட்டு மொழி போகக்கூடியவை, எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கழித்தல் வேலை நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்துவைத்திருக்கிறது. தெலுங்கு இலக்கணக்காரர்களும் தற்சமம் (சமஸ்கிருதத்திலிருந்து அப்படியே வந்தது), தற்பவம் (அங்கிருந்து மாறி வந்தது), தேசியம் (மண்ணின் சொந்தச் சொல்) என்று பிரித்தார்கள். 1816-இல் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் இதைத்தான் கையில் எடுத்தார். அந்தக் காலத்தில் தெற்கத்தி மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு எல்லிஸ் ஒரு முன்குறிப்பு எழுதினார். அதில் தெலுங்கின் தேசியச் சொற்களுடைய வேர்களைத் தமிழ், கன்னட வேர்களுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, இவை சமஸ்கிருத வேர்களிலிருந்து வரவில்லை, தங்களுக்குள் ஒரே குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல், நாற்பது வருஷம் கழித்து. எல்லிஸ் 1819-இலேயே இறந்துபோனார், அந்த முன்குறிப்பும் ஒரு இலக்கண நூலுக்குள் புதைந்துபோனது. அவர் பெயர் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் சரியாக வருவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, எந்தச் சொற்களை எடுப்பது? அமெரிக்க மொழியியலாளர் மாரிஸ் சுவாதேஷ் 1950-களில் இதற்கு ஒரு பட்டியல் போட்டார். முதலில் இருநூறு, அப்புறம் அதைச் சுருக்கி நூறு. நான், நீ, ஒன்று, இரண்டு, கண், மூக்கு, நீர், கல், மரம், வா, சாவு என்று, எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மனிதனுக்கு வேண்டிய சொற்கள். சட்டையும் பணமும் கடன் வாங்கப்படும், கண்ணையும் மூக்கையும் அவ்வளவு சுலபமாக யாரும் கடன் வாங்கமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல முடியாது, ரத்தமும் சூரியனும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனாலும் நல்ல வடிகட்டி.

அந்தப் பட்டியலை வைத்து இரண்டாவது முறை உட்கார்ந்தோம். அதிலிருந்து, விஷயம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று நானே பொறுக்கிய இருபதை மட்டும் இங்கே தருகிறேன், நூறிலும் இதே கணக்கு வரும் என்று அர்த்தமில்லை. தெலுங்குச் சொல்லில் முதலில் ச வந்தால் அச்சு என்பதில் வரும் ஒலியாகவும், நடுவில் தனி ட வந்தால் ஆடு என்பதில் வருவது போலவும் படித்துக்கொள்ளுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்ற வரிசையில்:

நான், நேனு, நானு. இரண்டு, ரெண்டு, எரடு. கண், கன்னு, கண்ணு. மூக்கு, முக்கு, மூகு. பல், பன்னு, ஹல்லு. நாக்கு, நாலுக, நாலிகெ. கை, செய்யி, கை. நீர், நீள்ளு, நீரு. பெயர், பேரு, ஹெசரு. கொம்பு, கொம்மு, கொம்பு. வா, ரா, பா. இந்தப் பதினொன்றிலும் மூன்று மொழியும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

கல், ராயி, கல்லு. மரம், செட்டு, மர. இலை, ஆகு, எலெ. நாய், குக்க, நாயி. மீன், சேப, மீனு. முட்டை, குட்டு, மொட்டெ. வால், தோக, பால. மழை, வான, மளெ. கருப்பு, நல்ல, கரி. இந்த ஒன்பதில் தெலுங்கு மட்டும் தனி வழி.

"அப்போ கன்னடம்தானா நமக்கு நெருக்கம்? கேட்டா அப்படித் தெரியலையே மாமா" என்றாள். தெரியாதுதான். ஹல்லு, ஹாலு, ஹுலி என்று கேட்கும்போது தமிழ்க் காதுக்கு அது வேற்றுமொழி. பன்னு, பாலு, புலி என்று தெலுங்கில் கேட்டால் நம் வீட்டுச் சொல். காதை நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம், எங்கள் ஊரில் தினமும் ஏமாறுகிறோம்.

இன்றைக்குத் தெலுங்கில் சாதாரணமாகக் கல்லு என்றால் நம்முடைய கள். அவள் நோட்டில் அதைத் தமிழ்க் கல்லுக்கு நேராக எழுதி டிக் போட்டிருந்தாள். வீடு என்றால் அவர்களுக்கு இவன். நல்ல என்றால் கருப்பு. நல்ல பாம்பு என்று என் அம்மா சொன்னால் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கருப்புப் பாம்பு என்றுதான் கேட்கும், இரண்டு பேருமே பயப்படுவார்கள் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இந்த மூன்றுக்கும் முதல் நோட்டில் டிக் இருந்தது. மறுபக்கம், கை என்பதற்கும் செய்யி என்பதற்கும் நேராகப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். அவை ஒரே சொல். கை தெலுங்கில் கெய் ஆகி, அப்புறம் க ச ஆனது. முழங்காலும் மோகாலும் ஒரே சொல், அதற்கும் பெருக்கல் குறி.

அப்படியானால் எதை நம்புவது? ஒற்றுமையை விட்டுவிட்டு வேற்றுமையைப் பாருங்கள் என்பதுதான் பதில். முதலில் கேட்கும்போது விநோதமாக இருக்கும். ஒரே வேற்றுமை, அதே இடத்தில், திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இது எனக்கு உறைத்தது சமையலறையில். பக்கத்து வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தில் பப்பு கொண்டுவந்து கொடுத்தார். நமக்குப் பருப்பு, அவர்களுக்குப் பப்பு. இதில் என்ன, ஒரு எழுத்து போய்விட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் அடுப்பில் இருக்கிற நெருப்பு அவர்களுக்கு நிப்பு. வாசலில் கழற்றிவிட்ட செருப்பு அவர்களுக்குச் செப்பு. பருப்பு பப்பு, நெருப்பு நிப்பு, செருப்பு செப்பு. ஒரு சொல்லில் நடந்தால் தற்செயல் என்று சொல்லலாம். மூன்று சொல்லில், சாப்பாடும் தீயும் காலணியும் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்களில், நடுவில் இருக்கிற "ரு" ஒரே மாதிரி மறைந்தால் அது தற்செயல் இல்லை, கடனும் இல்லை. கடன் வாங்குகிறவர்கள் சொல்லை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்வார்கள், டப்பு டப்பாகவே வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. தெலுங்கில் சொல்லு என்பதற்கும் செப்பு என்றுதான் சொல்வார்கள். அது நம் செய்யுளில் வருகிற செப்பு. ஆக அவர்களுடைய ஒரு செப்பு நம் செருப்பு, இன்னொரு செப்பு நம் செப்பு. தெலுங்கில் ஒரே ஒலியாகிவிட்ட இரண்டு சொற்களைத் தமிழை வைத்துப் பிரித்துவிட முடிகிறது. எனக்கு இதில் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அத்தையிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்படித் தேட ஆரம்பித்தால் ழ தானாக வந்து நிற்கும். ஏழு தெலுங்கில் ஏடு, கன்னடத்தில் ஏளு. கோழி, கோடி, கோளி. கூழ் தெலுங்கில் கூடு, அங்கே அது சோறு, கன்னடத்தில் கூளு. நிழல் தெலுங்கில் நீட. பாழ் தெலுங்கில் பாடு, கன்னடத்தில் ஹாளு. இந்தக் கடைசிச் சொல்லைப் பாருங்கள், கன்னடத்தில் ப ஹ ஆனதும் ழ ள ஆனதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ப-தான், ஹ பிறகு வந்தது. பால் ஹாலு, பாம்பு ஹாவு, புலி ஹுலி, பல் ஹல்லு. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டால் கன்னடம் கேட்க அந்நியமாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒரே ஒரு ஒலிதான் என்று புரிந்துவிடும்.

தெலுங்கில் இன்னொரு பெரிய மாற்றம், சொல்லின் முன்னால் இருக்கிற உயிர் உள்ளே போய், உள்ளே இருந்த மெய் முன்னால் வந்து நிற்பது. உரல் ரோலு ஆனது, அவர் வாரு, அவன் வாடு, இவன் வீடு, உள் என்பது லோ. இரண்டு ரெண்டு ஆனதும் இந்த வழியில்தான். இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும், பேச்சுத் தமிழிலும் நாம் ரெண்டு என்றுதானே சொல்கிறோம். நாம் முன்னால் இருக்கிற இ-யைப் பேச்சில் விட்டுவிட்டோம், ஆனால் உரலை ரோல் என்றோ அவரை வார் என்றோ சொல்வதில்லை. தெலுங்கில் அது மொழி முழுக்க நடந்த மாற்றம். எதிரில் பார்க்க ஒரே வடிவம், வந்த பாதை வேறு.

இந்த மாற்றம்தான் தெலுங்கு எந்தக் கிளை என்பதையே தீர்மானிக்க உதவியது. ஓங்கோலில் பிறந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இதை ஆழமாக ஆராய்ந்தவர். கோண்டி, கோண்டா, குயி, குவி என்று வடக்கே ஆந்திர, ஒடிசா, மத்திய இந்திய மலைக்காடுகளில் பேசப்படும் மொழிகளிலும் இதே இடமாற்றம் இருக்கிறது. புதிதாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தைப் பல மொழிகள் பங்குபோட்டுக்கொண்டால் அவை ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தவை என்று பொருள். அதனால் தெலுங்கு அந்த மொழிகளோடு தென்-நடுக் கிளை, தமிழ், மலையாளம், இருளம், குடகு, தோடா, கோத்தா, கன்னடம் எல்லாம் தென் கிளை. எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசப்படும் மொழிக்கு நெருங்கிய உறவு எங்கேயோ கோண்டுவானாக் காட்டில் இருக்கிறது, இங்கே நாங்கள் கேட்கிற ஒற்றுமையில் பெரும்பகுதி நூற்றாண்டுகளாக ஒரே சந்தையில் நின்று பேசியதால் வந்தது.

வேர் ஒன்றாக இருந்தும் பொருள் மாறிய சொற்கள் கணக்கில் விழாமல் போவதையும் சொல்ல வேண்டும். மழைக்குத் தெலுங்கில் வான. மழையோடு ஒப்பிட்டால் பெருக்கல் குறி. ஆனால் அது நம் வானம். பொத்து என்றால் பொழுது, சூரியன். எங்கள் அம்மா இன்றும் சூரியன் மறைந்தது என்று சொல்லமாட்டார், பொழுது சாய்ந்தது என்றுதான் சொல்வார். செவி தமிழிலும் தெலுங்கிலும் ஒன்று, ஆனால் அம்மா காது என்றுதான் சொன்னார், அதனால் நோட்டில் பெருக்கல் குறி. பாலக்காட்டுப் பக்கம் போய் மலையாளத்தோடு இதைச் செய்தாலும் இதே சிக்கல்தான். வெள்ளம் அங்கே தண்ணீர், இங்கே பெருக்கெடுத்து வருவது. உறங்ஙுக என்பது நம் உறங்குதான், நாம் அன்றாடப் பேச்சில் அதை விட்டுத் தூங்கப் போய்விட்டோம். ஆனால் மஞ்சள் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி, தலை தல, மலை மல என்று ஒலி மாற்றங்கள் அங்கே சின்னச் சின்னதாக, ஒழுங்காக இருப்பதால் உறவில் சந்தேகமே வராது. எண்ணிக்கை மட்டும் தனியாக இதைச் சொல்லாது.

எண்ணிக்கையை வைத்து வருஷக் கணக்கும் போட்டார் சுவாதேஷ். நூறு சொல் பட்டியலில் ஆயிரம் வருஷத்துக்குச் சுமார் 86 சொற்கள் தங்கும் என்றார், அப்படியானால் பிரிந்து ஆயிரம் வருஷமான இரண்டு மொழிகளுக்குப் பொதுவாக 74 இருக்கும். இந்த வேகம் எல்லா மொழிக்கும் ஒன்றில்லை என்று 1962-லேயே காட்டிவிட்டார்கள், ஐஸ்லாந்து மொழி அதைவிட மிக மெதுவாகத்தான் மாறியிருந்தது. 2018-இல் விஷ்ணுப்ரியா கோலிப்பாக்கம் முதலானோர் இருபது திராவிட மொழிகளின் நூறு சொல் பட்டியலை வைத்து, வேகம் மொழிக்கு மொழி மாறலாம் என்பதையும் கணக்கில் சேர்த்து, இந்தக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 வருஷம் என்று வெளியிட்டார்கள், 3,000 முதல் 6,500 வரை இருக்கலாம் என்ற வரம்போடு. அந்தக் கணினிக் கணக்குக்கும் அடிப்படை, எது எதனுடைய உறவுச் சொல் என்று முன்கூட்டியே மனிதர்கள் செய்த தீர்ப்புதான். பரோ, எமினோ இருவரும் 1961-இல் கொண்டுவந்து 1984-இல் விரிவாக்கிய திராவிட வேர்ச்சொல் அகராதி போன்ற உழைப்பு இல்லாமல் எந்த மென்பொருளும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் தாய் விஷயம். என் தம்பி நோட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தமிழ்ல இருந்து வந்ததுதானே, இதுல என்ன ஆராய்ச்சி" என்றான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எனக்குத் தமிழ்மேல் இருக்கும் பாசம் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் சொற்கள் வேறு கதை சொல்கின்றன. செவி கன்னடத்தில் கிவி. செய் அங்கே கெய். செம்மைக்கு நேர் கெம்பு. செருப்புக்குக் கெர. இ, எ-வுக்கு முன்னால் க இருந்தால் அது ச ஆவது உலகத்தில் பல மொழிகளில் நடந்திருக்கிறது, லத்தீனில் கெந்தும் என்ற நூறு இத்தாலியில் சென்தோ ஆனது. ச திரும்பிப் போய்க் க ஆவது மிக அபூர்வம். ஆகவே இந்த இடத்தில் கன்னடம்தான் பழையதை வைத்திருக்கிறது, தமிழும் தெலுங்கும் மாறிவிட்டன. மாறிய பிறகு இருக்கிற செவியிலிருந்து மாறாத கிவி எப்படிப் பிறக்கும்? ழ-வில் தமிழ் பழையதை வைத்திருக்கிறது, க-வில் கன்னடம். ஆளுக்கு ஒரு நகையைப் பத்திரமாக வைத்திருக்கிற அக்கா தங்கைகள் இவர்கள், ஒருத்தி வயிற்றில் இன்னொருத்தி பிறக்கவில்லை.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. உப்பைக் கேட்டான். உப்பு தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் எல்லாம் உப்புதானே, அப்போது தமிழிலிருந்து போனதுதானே என்றான். கோண்டியில் உப்புக்கு சோவர் என்று பெயர். நடு இந்தியாவில் பேசப்படும் இன்னொரு உறவு மொழியான கொலாமியில் சுப். முன்னால் ஒரு ச இருந்திருக்கிறது, தெற்கே நாம் எல்லோருமே அதைத் தொலைத்துவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

அக்கா மகள் நோட்டில் டிக்கையும் பெருக்கல் குறியையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எந்த ஒலி எதுவாக மாறியது என்று எழுதினாள். நூறு சொல்லுக்கு நான்கு இரவு ஆனது. எப்படி முயன்றும் எதோடும் சேராதவை கடைசிப் பக்கத்தில் தனியாகப் போயின. அப்புறம் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் இழுத்து, மேலே கோண்டி என்று எழுதி, உப்புக்கு நேராக சோவர் என்று போட்டாள். மீதிக் கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.